உடைந்த யன்னல் கண்ணாடி: வெடிப்பைப் பார்த்து வழி பிடிப்பது

வன்னி வீடுகளில் இப்போது மூன்று வகை யன்னல்கள் இருக்கின்றன. முதிரை, வேம்பு, தேக்கு என்று கிடைத்த மரத்தில் சட்டம் அடித்து, பீடிங் (கண்ணாடியைச் சுற்றிவரப் பிடிக்கும் மெல்லிய மரச் சலாகை) வைத்தோ புட்டி பூசியோ கண்ணாடி போட்டவை ஒன்று. தள்ளித் திறக்கும் அலுமினிய யன்னல் மற்றது. குளியலறையிலும் குசினியிலும் இருக்கும், கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லூவர் மூன்றாவது. மூன்றிலும் கண்ணாடி மாற்றுவது பெரிய வித்தையில்லை. போட்ட கண்ணாடி அடுத்த மாரிக்குள் அதே இடத்தில் திரும்ப வெடிக்காமல் இருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். அதனால் உடைந்த துண்டுகளைக் கழற்ற முதல், வெடிப்பு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று நின்று பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். துண்டுகள் வாளிக்குள் போய்விட்டால் காரணமும் அவற்றோடு போய்விடும்.

கீழே உங்கள் யன்னலில் தெரிவது எதுவோ அதற்கு நேரே போகலாம். முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை.

துண்டுகள் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன

பிள்ளைகள், நாய், கோழி எல்லாவற்றையும் அந்தப் பக்கம் வராமல் மறியுங்கள். செருப்புப் போதாது, சப்பாத்து வேண்டும். தடித்த கையுறை இல்லாவிட்டால் சாக்குத் துண்டை மடித்துப் பிடிக்கலாம். அகலமான ரேப்பைக் கண்ணாடியின் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கீழ்த் துண்டை முதலில் எடுத்தால் மேலே நிற்பது கத்தியாக இறங்கும். ஆட்டிப் பிடுங்காமல் நேராக இழுக்கவேண்டும்.

நிலத்தைக் கூட்டிய பின் ஈரப் பேப்பரால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். இரவில் ரோச் லைற்றை நிலத்தோடு சாய்த்துப் பிடித்தால் மிச்சத் துகள் மினுங்கும். வெளியே மணல் முற்றம் என்றால் கூட்டுவது வீண். கண்ணாடி இன்னும் உள்ளே இறங்கும். மேல் மணலை ஓர் அங்குல ஆழத்துக்கு அள்ளி, மேசன் வேலைக்கு மணல் அரிக்கும் அரிதட்டில் அரியுங்கள். துண்டுகளைச் சீமெந்துப் பையில் சுற்றிக் கட்டி, 'கண்ணாடி' என்று எழுதிப் பிரதேச சபை உழவு இயந்திரத்தில் கொடுங்கள். வேலியோரத்திலும் பசளைக் குழியிலும் போடுவது, பிறகு அங்கே வெறுங்கையோடு புல்லுப் பிடுங்கப் போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

மாரிக்குள் உடைந்தால் அன்றைக்கே புதுக் கண்ணாடி போட அவசரப்படவேண்டாம். ஊறிய மரத்தில் புட்டியும் பிடிக்காது, சிலிக்கனும் பிடிக்காது. தறப்பாள் இல்லாத வீடு வன்னியில் இருக்காது. அதில் ஒரு துண்டை வெளிப்பக்கத்தில் விரித்து, நாலு பக்கமும் மெல்லிய சலாகை வைத்து ஆணி அடித்து மறையுங்கள். மரம் காய்ந்த பின் வேலையைத் தொடங்கலாம்.

துண்டுகள் கூராக இல்லாமல் சின்னச் சின்னக் கட்டிகளாகக் கொட்டியிருந்தால் அது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி, கடையில் ரெம்பேர்ட் என்பார்கள். அதை வெட்ட முடியாது, அளவு கொடுத்துச் செய்வித்தே எடுக்கவேண்டும். வீட்டில் செய்யும் வேலை அளவெடுப்பதோடு முடிந்தது.

ஒரு புள்ளியைச் சுற்றிச் சிலந்திவலையாக வெடித்திருக்கிறது

அடி பட்டிருக்கிறது. கெற்றப்போல் கல், கிரிக்கெட் பந்து, புல்லு வெட்டும் மெசின் தெறிக்க விட்ட பரல், இவற்றில் ஒன்று. சட்டத்தில் பிழை தேடத் தேவையில்லை, அளவெடுத்து மாற்றினால் போதும். மெசின்காரர் வரும் நாளில் யன்னல்களுக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிடுங்கள்.

காட்டோரக் காணிகளில் இன்னொரு எதிராளி உண்டு. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறொரு சேவல் என்று நினைத்து மயில் பாய்ந்து கொத்தும். தடித்த கண்ணாடி போட்டாலும் அது விடாது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி உருவம் தெரியாமல் செய்தால் வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

திரும்பத் திரும்ப அடி படும் இடம் என்றால் கம்பிவலை அடிப்பதே மலிவு. சிலர் பொலிகாபனேற் தகடு போடுகிறார்கள். உடையாதுதான், ஆனால் கீறல் விழும். வெயிலில் கண்ணாடியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு விரியும் என்பதால் சுற்றிவர இடைவெளியும் கூட விடவேண்டும்.

மூலையிலிருந்தோ விளிம்பில் ஓரிடத்திலிருந்தோ வெடிப்பு ஓடியிருக்கிறது, யாரும் அடிக்கவில்லை

இதுதான் திரும்பத் திரும்ப வரும் வியாதி. கண்ணாடியில் குற்றம் இருக்காது, அதைப் பிடித்திருக்கும் சட்டத்தில் இருக்கும். வெடிப்புத் தொடங்கிய இடத்தில் பீடிங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

ஓர் ஆணியின் நுனியோ உடலோ கண்ணாடி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பீடிங் ஆணியைச் சாய்த்து அடிக்கும்போது அது கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும். அடித்த அன்று ஒன்றும் தெரியாது, மரம் ஒரு மாரி ஊறிக் காய்ந்தபின் வெடிக்கும். முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் என்று கரையோரம் இருப்பவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. உப்புக் காற்றில் இரும்பாணி கறள் பிடித்து ஊதும், ஊதிய கறள் கண்ணாடியை நெரிக்கும். அந்தப் பக்கங்களில் பித்தளை ஆணியோ நாகமுலாம் பூசிய ஆணியோ போடுங்கள். நாலு காசு கூடத்தான். கண்ணாடியின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

ஆணி இல்லை, ஆனால் கண்ணாடி மரத்தோடு மரமாக இறுகியிருக்கிறது என்றால் அளவு பிழை. கீழே அளவெடுக்கும் பகுதியைப் பாருங்கள்.

யன்னல் கதவு மாரியில் நிலையோடு இறுகி, வீட்டில் உள்ளவர்கள் ஒரு மூலையில் குத்தித் திறக்கிறார்களா? அப்படியென்றால் சட்டம் ஒவ்வொரு நாளும் முறுகுகிறது. மரம் முறுகும், கண்ணாடி முறுகாது. புதுக் கண்ணாடி வாங்க முதல் கதவின் உரசும் ஓரத்தைச் சீவி, சீவிய இடத்துக்குப் பெயின்ற் அடியுங்கள். பெயின்ற் அடிக்காமல் விட்ட ஓரத்தால்தான் அடுத்த மாரித் தண்ணீர் ஏறும். இறுகிய பிணைச்சலையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அதே மூலை வெடிக்கிறதென்றால் வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். யன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் சுவரிலும் ஒரு வெடிப்புப் போகிறதா? வயலையோ பள்ளத்தையோ கிரவல் போட்டு நிரப்பி, அது இறுக முதலே கட்டிய வீடுகளில் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் நிலை கோணும். நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் தெரியும். அரை அங்குலம் வித்தியாசம் என்றால் எந்தக் கண்ணாடியும் அங்கே நிற்காது. ஒரு மேசன் பாஸைக் கூப்பிடவேண்டிய இடம் அது.

காற்றில் கதவு அடிபட்டு உடைவதும் மூலை வெடிப்பாகவே தெரியலாம். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்குள்ளால் போனது. அந்த மாதிரிக் காற்றுக்குத்தான் என்றில்லை, சோழகம் சாதாரணமாக வீசும் நாளிலேயே கொக்கி போடாத கதவு நிலையில் மோதி வெடிக்கும். கொக்கி தேய்ந்து ஆடுகிறதென்றால் கண்ணாடியோடு அதையும் மாற்றுங்கள்.

விளிம்பிலிருந்து நேராகப் புறப்பட்டு, பிறகு வளைந்து வளைந்து போகும் ஒற்றை வெடிப்பு

இது வெயிலின் வேலை. வெயில் படும் நடுப்பகுதி சூடாகி விரியும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிராக நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 30, 40 பாகை செல்சியஸ் என்று போனால் விளிம்பு கிழிபடும். வெடிப்பு விளிம்புக்குச் செங்குத்தாகத் தொடங்குவது இதன் அடையாளம்.

மெல்லிய தெளிவுக் கண்ணாடிக்கு இது அபூர்வம். மேற்குப் பக்க யன்னலில் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டிய கண்ணாடி, நிறக் கண்ணாடி, உட்பக்கம் கண்ணாடியோடு முட்டிக்கொண்டு நிற்கும் அலுமாரி அல்லது தடித்த திரை, பாதி வெயில் பாதி நிழல் விழும் யன்னல், இவற்றில்தான் வரும். ஸ்ரிக்கரைத் தவிர்த்து வெளியே ஒரு பத்தியோ கிடுகுச் சாய்ப்போ இறக்கினால் வீடும் குளிரும், கண்ணாடியும் நிற்கும். கண்ணாடியை வாங்கும்போது விளிம்பை ஒருமுறை பாருங்கள். வெட்டும்போது பல்லுப் பல்லாகச் சிதறிய விளிம்பில்தான் இந்த வெடிப்புக்கு முதல் வாய் கிடைக்கும். கடையில் எண்ணெய்க்கல்லால் விளிம்பைத் தேய்த்துத் தரக் கேட்கலாம்.

அலுமினிய யன்னலில் இன்னொரு கணக்கும் உண்டு. நாலடி நீளச் சட்டம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் நீளும், அதே நீளக் கண்ணாடி 0.3 மட்டுமே நீளும். இரவில் எல்லாம் திரும்பச் சுருங்கும். இடையில் றப்பர் இல்லாமல் உலோகம் கண்ணாடியை நேரே தொட்டால் எப்போதாவது ஒரு நாள் அது வெடிக்கும்.

பழைய கண்ணாடி கழன்று வரவில்லை

பீடிங் என்றால் நீளமான பீடிங்கின் நடுவில் தொடங்குங்கள், மூலையில் அல்ல. மெல்லிய உளியை நடுவில் விட்டு மெதுவாகக் கிளப்பினால் வில்லாக வளைந்து, மூலைகள் உடையாமல் வெளியே வரும். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறியுங்கள். நாலும் ஒரே அளவு போலத் தெரியும், ஆனால் இராது.

புட்டி பல வருடம் பழையதென்றால் கல்லாகியிருக்கும். முதல் நாள் பின்னேரம் ஆளி விதை எண்ணெய் பூசி விட்டு, மறுநாள் பழைய உளியால் சிறிது சிறிதாக எடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டுங்கள், தூளைப் பிள்ளைகள் இருக்கும் பக்கம் விடவேண்டாம். பக்கத்துக் கண்ணாடி நல்லதென்றால் புட்டியை இளக்க நெருப்புக் காட்டவே கூடாது.

கண்ணாடி உட்காருவதற்காகச் சீவிய படி மரம் தெரியும் வரை சுத்தமாகவேண்டும். பழைய ஆணி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மரத்தைத் திருகாணி முனையால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உக்கல், உள்ளே மண் தெரிந்தால் கறையான். உக்கிய துண்டை வெட்டி எடுத்து வேறு மரம் வைக்காமல் மேலால் புட்டி பூசுவது காசை மழையில் விடுவது. கறையான் நிலைக்குள்ளால் வந்திருந்தால் சுவரோடு வரும் மண் பாதையைத் தேடி மருந்தடித்த பிறகே கண்ணாடி.

புதுக் கண்ணாடி படிக்குள் இறங்கவில்லை, அல்லது இறங்கி ஆடுகிறது

கடையில் போய், "அண்ணை, ரெண்டடிக்கு மூண்டடி ஒரு கண்ணாடி வெட்டித் தாங்கோ" என்றால் அவர் சரியாக இரண்டடிக்கு மூன்றடி வெட்டித் தருவார். உங்கள் படியும் சரியாக அதே அளவென்றால் கண்ணாடி இறங்காது. இறக்க வேண்டுமென்று தட்டினால் உடைவது கண்ணாடிதான்.

அகலத்தை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளவுங்கள். உயரத்தையும் அப்படியே. படியின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளக்கவேண்டும், வெளிச்சம் வரும் இடைவெளியை அல்ல. மூன்றிலும் குறைந்த எண்ணை எடுத்து, அகலத்திலும் உயரத்திலும் தலா 3 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று, கழியுங்கள். பெரிய கண்ணாடிக்கு 5 வரை கழிக்கலாம். மூலைவிட்டம் கொஞ்சம் கோணலென்றால் ஒரு கடதாசி மட்டையைப் படிக்குள் இருத்திப் பார்த்து வெட்டி, அந்த மட்டையையே கடைக்குக் கொண்டு போங்கள். வாய்ச்சொல்லைவிட மட்டை நம்பகம். பழைய கண்ணாடித் துண்டின் விளிம்பில் தடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கட்டங்களுக்கு 3 மில்லிமீற்றர், அதைவிடப் பெரியதற்கு 4 அல்லது 5.

நிறையையும் யோசியுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. இரண்டடிக்கு மூன்றடி, 4 மில்லிமீற்றர் என்றால் ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக்கொண்டு கிரவல் ஒழுங்கையால் வருவதை நான் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். ஓட்டோவிலோ லான்ட்மாஸ்ரரிலோ (இரு சில்லு உழவு இயந்திரம்) கொண்டு வாருங்கள். படுக்க வைத்தால் முதல் குழியில் நடு முறியும். சாக்கைக் கீழே போட்டு, நிமிர்த்திச் சாய்த்துக் கட்டவேண்டும்.

கொஞ்சம் பெரிதாகிவிட்ட கண்ணாடியில் இரண்டு, மூன்று மில்லிமீற்றரைக் கீறி எடுக்க வீட்டில் முயலவேண்டாம். அவ்வளவு மெல்லிய கீற்று ஒழுங்காக முறியாது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது மரப் படியைச் சீவுங்கள். சிறிதாகிவிட்டதென்றால் படியின் ஆழம் எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீற்றராவது கண்ணாடி படிக்குள் நின்றால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடியைச் சின்ன யன்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போடும்போது காய்ந்த படிக்கு முதலில் பிறைமர் அல்லது ஆளி விதை எண்ணெய் பூசுங்கள். பிறகு படியில் மெல்லிய புட்டியோ சிலிக்கனோ இட்டு, கீழே இரண்டு சிறு றப்பர்த் துண்டுகள் வைத்து, அவற்றின் மேல் கண்ணாடியை இருத்துங்கள். அந்தத் துண்டுகள் இரு ஓரத்திலிருந்தும் கால்வாசித் தூரத்தில் இருக்கவேண்டும். நடுவை அமத்தாதீர்கள், ஓரங்களை மட்டும் அமத்துங்கள். பீடிங் ஆணி அடிக்கும்போது கண்ணாடியில் ஒரு மட்டையைச் சார்த்தி, சுத்தியலை அதன்மேல் வழுக்கி வழுக்கித் தட்டுங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை.

மாற்றிய பிறகும் மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது

வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு வரும். அதனால் வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்களே முதலில் ஒழுகும். மழை வரும் வரை காத்திருக்காமல் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பால் யன்னலின் கீழ் ஓரத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள். வரவில்லையா, பக்கங்களுக்கு ஏறுங்கள், கடைசியாக மேல் ஓரம். எந்த உயரத்தில் உள்ளே நனைகிறதோ ஓட்டை அங்கே. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது.

கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையால் வருகிறதென்றால், படியில் முதலில் இடவேண்டிய அந்த மெல்லிய புட்டி விடுபட்டிருக்கிறது. வெளியே மட்டும் பூசி மறைத்தால் நிற்காது, கழற்றிப் போடவேண்டியதுதான். நிலைக்கும் சுவருக்கும் இடையால் வருகிறதென்றால் கண்ணாடி நிரபராதி, பூச்சு விட்டிருக்கிறது.

அலுமினிய யன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிந்தால், சிலிக்கன் குழாயைத் தேட முதல் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் இருக்கும் சின்னத் துவாரங்களைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறத்தான் அவை. கோடை முழுக்கச் செம்மண் தூசி அடைத்து, மிச்சத்தைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் தண்ணீர் அடித்தால் முடிந்தது. அந்தத் துவாரங்களைச் 'சத்தம் வருகிறது' என்று சிலிக்கனால் அடைத்து விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கண்ணாடி கிலுகிலுக்கிறது

சோழகத்தில் அல்லது லொறி போகும்போது சத்தம் வந்தால் பீடிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அலுமினியத்தின் றப்பர் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கிறது. றப்பரை அளவு காட்டி வாங்கிப் புதிதாகச் செருகுங்கள். இழுத்து நீட்டிச் செருகினால் சில மாதத்தில் மூலைகளில் குறையும், தளர்வாக விட்டுச் செருகவேண்டும்.

புட்டி காயவில்லை, அல்லது வெடித்து உதிர்கிறது. சிலிக்கன் உரிகிறது

புட்டி என்பது சுண்ணத்தூளும் ஆளி விதை எண்ணெயும். பிறைமர் பூசாத காய்ந்த மரம் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் வெறும் தூள் மிஞ்சி உதிரும். ஈரமான மரத்தில் பூசினால் பிடிக்காமல் உரியும். மேலே தோல் கட்ட ஒன்று, இரண்டு கிழமை விட்டுப் பெயின்ற் அடியுங்கள். அடிக்கும்போது தூரிகை கண்ணாடியில் ஒரு நூல் அளவு ஏறவேண்டும், அதுதான் தண்ணீரை மறிக்கும். பெயின்றே அடிக்காமல் விட்ட புட்டிதான் வெடித்து உதிர்வது.

சிலிக்கன் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கே இறுகும். தடிப்பாக இட்டுவிட்டு மறுநாள் கதவை அடித்துப் பூட்டினால் உள்ளே இன்னும் கூழாக இருப்பது நகர்ந்துவிடும். வினாகிரி மணம் வரும் வகை உலோகத்தையும் நிலைக்கண்ணாடியின் பின்பூச்சையும் அரிக்கும், ஆகவே அலுமினியத்துக்கு மணமில்லாத நியூற்றல் வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கனில் பெயின்ற் பிடிக்காது. மரயன்னலுக்கு அதைப் போடுவதென்றால் பெயின்ற் வேலையை முதலே முடித்துவிடுங்கள்.

லூவர்த் தகடு உடைந்தது

இதுதான் சுலபம். இரு முனையிலும் தகடு செருகியிருக்கும் பிடியின் நாக்கைச் சற்று வளைத்து, துண்டை வெளியே இழுத்து, புதியதைத் தள்ளிவிட்டு நாக்கை மடிக்கவேண்டியதுதான். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் உடையாத பக்கத்துத் தகட்டில் அளந்தால் பிழைக்காது. நீளமான ஓரங்கள் மழுக்கியிருக்கவேண்டும் என்று கடையில் சொல்லுங்கள், தூசி துடைக்கும்போது கை போவது அங்கேதான். பிடியே முறிந்து, தகட்டை நூலாலோ கம்பியாலோ கட்டி வைத்திருந்தால் தகட்டோடு பிடியையும் மாற்றுங்கள். கட்டு அறும் நாளில் தகடு குளிப்பவரின் தோளில்தான் விழும்.